முப்பத்தோரு வருஷக் கட்டட வேலை

விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் சர்வே கேம்ப் பற்றியும் எழுத இந்த மலரில் என்னைவிடத் திறமையான ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுகிறேன். சிவில் படித்தவனுக்கு வேறு என்ன தெரியும் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்தக் கதையில் கப்பல் விபத்து, தேனீ, ஒயின் எல்லாம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்று ஒரு மாவட்டம். அதன் நடுவே டார்ட்மூர் என்கிற மேட்டு நிலம். மரமே இல்லாத பொட்டல். காற்றும் மழையும் மட்டும் தாராளம். அந்த மேட்டின் அடிவாரத்தில், டார்ட் ஆற்றங்கரையில் இருக்கிற சிற்றூர்தான் பக்ஃபாஸ்ட். வேலை நிமித்தம் சில மாதங்கள் அந்தப் பக்கம் தங்க நேர்ந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அங்கே போனேன். வயல், ஆடுகள், சின்னச் சின்ன வீடுகள். அவற்றின் நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு பெரிய கல் ஆலயம், சதுரமான உயர்ந்த கோபுரத்தோடு. சுவர்கள் அந்த வட்டாரத்துச் சாம்பல் நீலச் சுண்ணாம்புக் கல். மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் பக்கத்து மாவட்டமான சாமர்செட்டிலிருந்து வந்த தேன் நிற ஹாம் ஹில் கல். பாணி 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யாராக இருந்தாலும் எண்ணூறு வருஷப் பழசு என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் அது கட்டப்பட்டது 1907-க்கும் 1938-க்கும் இடையில். கட்டியவர்கள் காண்ட்ராக்டரோ பொதுப்பணித் துறையோ அல்ல. பெனடிக்ட் சபைத் துறவிகளே தங்கள் கையால் கல் செதுக்கி, சாரம் கட்டி, சுவர் எழுப்பினார்கள். ஒரு சமயத்தில் கட்டுவேலையில் நின்றவர்கள் பெரும்பாலும் நாலு பேர். மிஞ்சிப்போனால் ஆறு பேர்.

பெனடிக்ட் என்பவர் 6-ஆம் நூற்றாண்டு இத்தாலியர். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் அவரை ஆசீர்வாதப்பர் என்பார்கள். மடத்தில் வாழ்கிறவர்களுக்கு அவர் ஒரு ஒழுங்கு நூல் எழுதிவைத்தார். ஒரு நாளில் எத்தனை முறை ஜெபம், எவ்வளவு நேரம் படிப்பு, எவ்வளவு நேரம் உடலுழைப்பு என்று கிட்டத்தட்ட ஒரு டைம்டேபிள் மாதிரி இருக்கும். சேர்ந்த மடத்திலேயே கடைசிவரை நிலைத்திருப்பேன் என்பதும் அவர்கள் எடுக்கிற உறுதிமொழியில் ஒன்று. இந்த உறுதிமொழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இதே ஒழுங்கைப் பின்பற்றுகிறவர்கள் நம் காவிரிக்கரையிலும் உண்டு. குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் ஆசிரமத்தை 1950-இல் தொடங்கிய இரு பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர் பெனடிக்ட் சபைத் துறவி. 1968-இல் பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸும் இங்கிலாந்திலிருந்து வந்த பெனடிக்ட் சபைக்காரர்தான்.

பக்ஃபாஸ்டில் முதல் மடம் ஏற்பட்டது 1018-இல். அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் கனூட் என்ற டென்மார்க் வம்ச அரசர். நம்மூர்க் கணக்கில் சொன்னால், ராஜேந்திர சோழன் பட்டத்துக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். தஞ்சைப் பெரிய கோயில் அதற்குள் கட்டி முடிந்துவிட்டது! அந்த முதல் மடம் பெரிதாக ஒன்றும் வளரவில்லை. 1136-இல் அது பிரான்ஸிலுள்ள சாவிஞி மடத்தின் பொறுப்புக்கு மாறியது. 1147-இல் சாவிஞிக் குழு முழுவதும் சிஸ்டெர்சியன் சபையோடு சேர்ந்துவிட்டதால் பக்ஃபாஸ்டும் சிஸ்டெர்சியன் மடமாயிற்று. இவர்களும் பெனடிக்ட் ஒழுங்கைத்தான் பின்பற்றினார்கள், இன்னும் கறாராக. மடத்தைக் கல்லால் எடுத்துக் கட்டியதும் அப்போதுதான்.

துறவிகள் என்றாலும் வியாபாரம் தெரிந்தவர்கள். டார்ட்மூரின் பொட்டலில் எதுவும் விளையாது, ஆனால் ஆடு மேயும். கம்பளி மயிர் இத்தாலி வரை ஏற்றுமதியானது. பணமும் நிலமும் சேர்ந்து, தென்மேற்கு இங்கிலாந்தின் வசதியான மடங்களில் ஒன்றாக அது ஆனது. எளிமையைத் தேடிப் போனவர்களிடம் செல்வம் வந்து குவிவது எல்லா நாட்டிலும் நடக்கிறதுதான் போலும்.

செல்வம் சேர்ந்தால் அரசன் கண் படும். எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு முறித்துக்கொண்டு நாட்டிலுள்ள மடங்களையெல்லாம் மூடியபோது, 1539 பிப்ரவரியில் பக்ஃபாஸ்டும் ஒப்படைக்கப்பட்டது. கடைசி மடாதிபதி கேப்ரியல் டான் எதிர்ப்பேதும் காட்டாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு போனார். பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த டிண்டேலைக் காட்டிக்கொடுத்ததில் இவருக்கும் பங்குண்டு, அதற்குப் பரிசாகத்தான் இந்தப் பதவி கிடைத்தது என்று ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, மடம் தனியார் கைக்குப் போயிற்று. கூரை போனால் கல் கட்டடம் எத்தனை நாள் தாங்கும்? தண்ணீர் இறங்கி, சுண்ணாம்பு கரைந்து, சுவர் சரிந்தது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாமுவேல் பெர்ரி என்பவர் அந்த இடத்தில் ஒரு மாளிகை கட்டினார். ஆலயம் இருந்த இடத்தில் புல்லும் காய்கறித் தோட்டமும்தான் மிச்சம்.

இந்த மாளிகை பல கை மாறி, 1872-இல் ஜேம்ஸ் கேல் என்ற டாக்டரிடம் வந்தது. பத்து வருஷம் கழித்து விற்க நினைத்த அவர், ஏதாவது துறவியர் குழுவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு கத்தோலிக்க வாரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அதே சமயம், 1880-இல் பிரெஞ்சு அரசாங்கம் அனுமதி பெறாத துறவற சபைகளை வெளியேற்றிவிட்டதால், பர்கண்டி பகுதியிலிருந்த ஒரு பெனடிக்ட் மடத்தின் துறவிகள் அயர்லாந்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். விளம்பரம் வந்து ஆறு வாரத்துக்குள், 1882 அக்டோபர் 28 அன்று ஆறு துறவிகள் பக்ஃபாஸ்டில் வந்து இறங்கிவிட்டார்கள். இடையில் போனது 343 வருஷம்!

வந்தவர்கள் சோற்றுக்கு வழி தேடிக் காய்கறி போட்டார்கள். அப்படித் தோட்டத்தில் கொத்திக்கொண்டிருந்தபோது ஒருவருக்குப் பழைய கட்டுவேலை தட்டுப்பட்டது. தொடர்ந்து தோண்டத் தோண்ட, சிஸ்டெர்சியன் ஆலயத்தின் அஸ்திவாரம் முழுசாக வெளிப்பட்டது. நாமெல்லாம் வானம் தோண்டுவதற்கு முன்னால் மண் பரிசோதனை, பளு கணக்கு என்று அலைகிறோம். இவர்களுக்கு லே-அவுட்டே பூமிக்குள் தயாராக இருந்தது. ஆனால் அஸ்திவாரம் கிடைத்ததும் ஆலயம் எழும்பிவிடவில்லை. கிட்டத்தட்ட இருபது வருஷம் தற்காலிக ஆலயத்தில்தான் காலம் தள்ளினார்கள். 1902-இல் மறுபடியும் முழு மடாலயமாக அங்கீகாரம் கிடைத்து, போனிஃபஸ் நாட்டர் மடாதிபதியானார்.

1906 ஆகஸ்டில் நாட்டர் ஒரு வேலையாக அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார். துணைக்கு அன்ஸ்கர் வோனியர் என்ற இளம் துறவி. ஜெர்மனியில் பிறந்து சிறுவனாகவே பக்ஃபாஸ்டுக்கு வந்தவர், மெய்யியல் வாத்தியார். ஜெனோவாவிலிருந்து ப்யூனஸ் அயர்ஸ் போகிற சீரியோ என்ற இத்தாலியக் கப்பல், பிழைப்பு தேடிப் போகிற ஏழைக் குடும்பங்களால் நிரம்பி வழிந்தது. ஆகஸ்ட் 4 அன்று, ஸ்பெயின் நாட்டின் கார்த்தகேனாவுக்கு அருகே, கரைக்கு மிகவும் ஒட்டி ஓட்டியதில் கப்பல் பாறையில் ஏறியது. பட்டப்பகல், அமைதியான கடல். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள், மடாதிபதி நாட்டரும் அதில் ஒருவர். வோனியர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே பக்ஃபாஸ்டில் அவரை மடாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 30. என் வயதை விடவும் குறைவு. பழைய அஸ்திவாரத்தின் மேலேயே ஆலயத்தை எழுப்பிவிடுவது என்று அவர் முடிவு செய்தார். முழு எஸ்டிமேட்டுக்கான பணம் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1907-இல் வேலை ஆரம்பம்.

வரைபடம் ஃபிரெடரிக் வால்டர்ஸ் என்ற தொழில்முறைக் கட்டடக் கலைஞருடையது. சைட்டில் கட்டுவேலை தெரிந்த துறவி பீட்டர் ஷ்ரோட் என்ற ஒரே ஒரு சகோதரர்தான். அவர்தான் மேஸ்திரி, மற்றவர்களுக்குக் கரண்டி பிடிக்கவும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். கல்லை மேலே ஏற்ற, கையால் சுற்றுகிற ஹாயிஸ்ட். சாரம் முழுவதும் மரக் கம்புகள், கயிற்றால் கட்டியது. நம்மூரில் சவுக்குக் கம்பும் தேங்காய் நார்க் கயிறும் வைத்துக் கட்டுகிற அதே சங்கதி. ஹெல்மெட், பாதுகாப்பு பெல்ட் எதுவும் கிடையாது. ஒருவர் 50 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தார். 1931-இல் மூன்று பேர் ஹாயிஸ்டிலிருந்து விழுந்தார்கள், பெரிய காயமில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அந்தச் சாரம் அவர்களிடம் உயிர்ப்பலி கேட்காமல் விட்டது அதிர்ஷ்டம் என்றுதான் நான் சொல்வேன். யாரும் இதைப் பார்த்துப் பாதுகாப்பு விஷயத்தில் பாடம் படிக்க வேண்டாம்.

இந்த நாலு பேர் கதையை அற்புதம் மாதிரிச் சொல்லிக் கேட்கும்போது எனக்குள் இருக்கிற எஸ்டிமேட்காரன் விழித்துக்கொள்கிறான். நாலு பேர், வருஷத்துக்கு 300 நாள், ஆலயம் திருநிலைப்படுத்தப்பட்ட 1932 வரை 25 வருஷம் என்று சும்மா பெருக்கிப் பாருங்கள். 30,000 ஆள்-நாள். அதாவது நூறு பேர் ஒரு வருஷம் செய்கிற வேலை. நடுநடுவே ஜெபத்துக்குப் போய்விடுவார்கள் என்பதால் அதிலும் கழித்துக்கொள்ள வேண்டும். பெரிய கான்ட்ராக்டருக்கு இது சாதாரண அளவுதான். மேலும் அந்த நாலு பேருக்குப் பின்னால் சமைக்கவும் உழவும் துவைக்கவும் ஐம்பது பேருக்கு மேற்பட்ட ஒரு குடும்பமே இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போட்ட காசு இருந்தது. சிஸ்டெர்சியன்கள் விட்டுப்போன அஸ்திவாரம் இருந்தது. ஆகவே வேலையின் அளவில் அதிசயம் எதுவும் இல்லை.

என்னை உலுக்கியது வேறு. 1906-இலிருந்து 1938 வரை அந்த சைட்டுக்கு ஒரே பொறுப்பாளர்! நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் மூணு வருஷத்தில் சைட் இன்சார்ஜ் அஞ்சு பேர் மாறினார்கள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் கம்பெனி என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் முந்தையவர் செய்தது தப்பு என்பார், ஒரு சுவரை இடிப்பார், டிராயிங்கைத் திருத்துவார், பிறகு நல்ல சம்பளம் கிடைத்துக் கிளம்பிவிடுவார். நானும் அப்படிக் கிளம்பியவன்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பிழைக்க வேண்டுமே. ஆனால் வோனியருக்கும் பீட்டருக்கும் போக வேறு சைட் இல்லை. அதே இடத்தில் சாகும்வரை இருப்பேன் என்று உறுதிமொழி கொடுத்தவர்கள். கல்லைக் கோணலாக வைத்தால், மீதி வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே ஜெபம் சொல்ல வேண்டியதுதான்!

முதல் உலகப் போர் வந்தபோது வேலை நின்றிருக்க வேண்டும். துறவிகளில் சிலர் ஜெர்மன் குடிமக்கள், அதாவது எதிரி நாட்டார். மடாலய வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு முகாமுக்கு அனுப்பாமல் விட்டார்கள். சுற்று வட்டாரத்துப் பையன்கள் ஜெர்மானியரோடு சண்டை போட பிரான்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இங்கே ஜெர்மானியர்கள் ஆங்கிலேய மண்ணில் கல்லின் மேல் கல்லாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள், வளாகத்துக்குள் அடைபட்டவர்கள் சாரத்தின் மேலிருந்து ஊரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1922-இல் ஆலயத்தின் ஒரு பகுதி வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. 1932 ஆகஸ்ட் 25 அன்று முழு ஆலயமும் திருநிலைப்படுத்தப்பட்டது. கோபுரம் பாக்கி. கடைசிக் கல் வைத்தது 1937-இல். பாயிண்டிங் முடிந்து சாரம் இறங்க 1938 டிசம்பர் ஆகிவிட்டது. டிசம்பர் 26 அன்று வோனியர் காலமானார். சாரம் இல்லாத கோபுரத்தை அவர் பார்த்தது மூணு வாரம் இருக்கலாம்.

கட்டட வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1910-இல் கார்ல் கேர்லே என்ற 11 வயது ஜெர்மன் சிறுவன் இந்த மடத்துக்கு வந்தான். சகோதரர் ஆடம் என்று பெயர் மாற்றிக் கல் வேலைக்கு அனுப்பினார்கள். உடம்பு தாங்கவில்லை. சரி, தேனீயைப் பார்த்துக்கொள் என்று 1915-இல் தேன்கூடுகளுக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்கத் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. மடத்தில் இருந்த 46 கூடுகளில் 30 அழிந்தன. மிஞ்சிய 16-இலும் இத்தாலிய இனத்து ராணிகளின் வாரிசுகள்தான் இருந்தன, உள்ளூர் கறுப்பு இனம் அடியோடு போய்விட்டது. ஒரு பையன் இதைக் கவனித்தான் என்பதுதான் விஷயம். நோயைத் தாங்குவது இனத்தைப் பொறுத்தது என்றால், நல்ல இனத்தை உருவாக்க முடியுமே!

இதில் ஒரு சிக்கல் உண்டு. ராணித் தேனீ வானத்தில் பறக்கும்போதுதான் இனச்சேர்க்கை நடக்கும். சுற்றிலும் பல மைல் தூரத்திலுள்ள எந்த ஆண் தேனீயும் வந்து சேரலாம். மாட்டுக்கு ஜோடி சேர்ப்பது மாதிரி கட்டிப்போட்டுச் செய்ய முடியாது. ஆடம் 1925-இல் கூடுகளை டார்ட்மூர் மேட்டுக்குக் கொண்டுபோனார். மரமில்லாத அந்தக் குளிர்ப் பொட்டலில் வேறு தேனீயே கிடையாது. அவர் வைத்த ஆண் தேனீக்கள் மட்டும்தான். அந்தப் பொட்டலையே அவர் பரிசோதனைக்கூடமாக ஆக்கிக்கொண்டார். 1950-க்குப் பிறகு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா என்று சுற்றி நல்ல ராணிகளைத் தேடிக் கொண்டுவந்தார். பக்ஃபாஸ்ட் தேனீ என்ற சாதுவான, நிறையத் தேன் சேர்க்கும் இனம் உலகெங்கும் பரவியது. 1992 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1996 செப்டம்பர் 1 அன்று 98 வயதில் இறந்தார். நல்ல கொத்தனாராக ஆகியிருந்தால் உலகத்துக்கு ஒரு கொத்தனார் கிடைத்திருப்பார், அவ்வளவுதான். கேம்பஸ் இன்டர்வியூவில் விரும்பிய வேலை கிடைக்காத தம்பிகள் வேண்டுமானால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

ஒயினையும் மறைக்கக் கூடாது. பிரான்ஸிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த செய்முறைப்படி ஒரு டானிக் ஒயின் தயாரித்தார்கள். 1927-இல் மடத்துக்கு விற்பனை உரிமம் போனதும், விற்கும் பொறுப்பை ஒரு ஒயின் வியாபாரக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். இப்போது அது ஸ்காட்லாந்தில் இளவட்டங்கள் குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் பானம் என்று பெயரெடுத்து, அங்குள்ள அரசியல்வாதிகள் மடத்தைத் திட்டுகிற அளவுக்குப் போயிருக்கிறது. குடிப்பவன் செய்வதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது விற்பவர்கள் தரப்பு. டாஸ்மாக் பார்த்த நமக்கு இரண்டு பக்க வாதமும் பழக்கமானதுதான். எனக்கு இதில் சங்கடம் உண்டு. கல்லுக்கும் தேனுக்கும் காட்டிய அக்கறையை அந்தப் பாட்டிலிலும் காட்டியிருக்கலாம்.

1960-களில் துறவிகள் மறுபடியும் கட்டட வேலையில் இறங்கினார்கள். ஆலயத்தின் கிழக்குக் கோடியில் ஒரு சிற்றாலயம், 1965-இல். இந்தத் தடவை பழைய பாணி இல்லை. சார்ல்ஸ் நோரிஸ் என்ற துறவி, தடித்த வண்ணக் கண்ணாடிக் கட்டிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, அவற்றைச் சேர்த்து ஒரு சுவர் முழுக்க இயேசுவின் உருவத்தை அமைத்தார். 2018-இல் மடாலயத்தின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

அந்தப் பக்கம் வேலைக்கோ மேல்படிப்புக்கோ போகிறவர்கள் ஒருநாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். டாட்னஸ் அல்லது நியூட்டன் ஆபட் வரை ரயிலில் போய்விட்டால் மீதி சாலைவழி. ஆலயத்துக்குள் கூட்டமெல்லாம் நேரே அந்தக் கண்ணாடியைப் பார்க்க ஓடும். நீங்கள் வெளியே நின்று, பழைய மடத்தில் மிஞ்சிய வாயில்களின் கல்வேலையையும் துறவிகள் வைத்த கல்லையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சுவரின் வரிசைகளையும் மூலைமட்டத்தையும் கண்ணாலேயே அளந்து பாருங்கள். கோபுரத்தின் உச்சி வரை நான் பார்த்தேன். எனக்கு ஒரு இடத்திலும் கோணல் தெரியவில்லை.